பூச்சு ஏன் உரிகிறது? இரும்பைக் காக்கும் வர்ணத்தைப் பற்றிச் சில உண்மைகள்

இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டுத் தனது காணிக்குத் திரும்பும் விவசாயக் குடும்பம் முதலில் தேடுவது தண்ணீரைத்தான். தூர்ந்துபோன கிணறு இறைத்துச் சுத்தமாக்கப்படுகிறது. கடன்பட்டு ஒரு நீரிறைக்கும் இயந்திரம் வாங்கப்படுகிறது. பின்னர் ஆயிரம் லீற்றர் கொள்ளும் ஒரு தண்ணீர்த் தாங்கியும், அதனை ஏற்றி வைக்க நான்கு கால் இரும்பு மேடையும் வருகின்றன. ஆயிரம் லீற்றர் தண்ணீரின் நிறை ஆயிரம் கிலோ, அதாவது ஒரு தொன். அந்த ஒரு தொன் நிறை நான்கு இரும்புக் கால்களின் மேல் நிற்கிறது. மேடையின் கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்கள். தாய்மார் பாத்திரம் கழுவுகிறார்கள்.

மேடைக்கு அழகாகப் பச்சை வர்ணம் பூசப்படுகிறது. ஒரு மாரி கழிகிறது. வர்ணம் கொப்புளம் போடுகிறது. அடுத்த மாரியில் அது ஓடு ஓடாகக் கழன்று விழுகிறது. அவ்வேளையில் ஒட்டு வேலைப் பட்டறையில் கேட்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"என்ன தம்பி, போன மாரிக்கு முந்தித்தானே பெயின்ற் அடிச்சனாங்கள். இப்ப பாருங்கோ, பாம்புச் சட்டை மாதிரி உரியுது. கடைக்காரன் கலப்படச் சாமானைத் தந்திட்டான் போலை."

"பெயின்றிலை பிழை இருக்கலாம் அம்மா. ஆனால் முதல்லை ஒண்டு சொல்லுங்கோ. பெயின்ற் அடிக்க முந்தி அந்த இரும்பு எப்பிடி இருந்தது?"

"கொஞ்சம் துரு இருந்தது. துணியாலை துடைச்சுப்போட்டு அடிச்சது."

பட்டறைத் தம்பியின் கேள்விதான் சரியான கேள்வி. பூச்சுக்கள் பழுதடைவதற்குப் பெரும்பாலும் காரணம் தகரப் பேணிக்குள் இருந்த வர்ணம் அல்ல. வர்ணத்துக்குக் கீழே இருந்ததும், அது பூசப்பட்ட முறையுமே. இதனை விளங்கிக்கொண்டால் அடுத்த முறை செலவழிக்கும் பணம் வீண்போகாது.

துரு எப்படி உண்டாகிறது?

இரும்பு தன் இயல்பில் நிலையற்ற ஒரு பொருள். மண்ணிலிருந்து எடுத்த கனிப்பொருளைப் பெரும் வெப்பத்தில் உருக்கி மனிதன் அதனை இரும்பாக்கினான். அதுவோ மீண்டும் மண்ணைப்போல் ஆகிவிடவே முயல்கிறது. அதற்குத் தேவையானவை இரண்டு: ஒன்று தண்ணீர், மற்றது காற்றிலுள்ள ஒட்சிசன். இரண்டும் சேர்ந்தால் துரு உண்டாகும். மூன்றாவதாக உப்பும் சேர்ந்தால் துரு பன்மடங்கு விரைவாகப் பரவும். ஏனென்றால் துருப்பிடித்தல் ஒரு மின்னிரசாயனச் செயல். பற்றரிக்குள் நடப்பதுபோல இரும்பின் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நுண்ணிய மின்னோட்டம் ஓடுகிறது. உப்புக் கலந்த நீர் அந்த மின்னோட்டத்துக்கு நல்ல பாதையாகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருத்தது. ஆகவே பூச்சுக்குக் கீழே துரு வளரும்போது, சீமெந்துத் தளத்தை ஆலமர வேர் கிளப்புவதுபோலப் பூச்சைக் கிளப்பிவிடுகிறது. நாம் வெளியே காணும் கொப்புளம் பழுதின் தொடக்கம் அல்ல. அது உள்ளே முன்னரே நடந்துவிட்ட காரியத்தின் அடையாளம்.

வர்ணம் இரும்பை மூன்று வழிகளில் காக்கிறது. முதலாவது, நீரும் உப்பும் இரும்பை இலகுவில் அடையாதபடி மறைக்கிறது. இரண்டாவது, முதற்பூச்சில் சேர்க்கப்படும் சில பொருட்கள் துருப்பிடித்தலைத் தடுக்கின்றன. மூன்றாவது, நாகம் கலந்த பூச்சோ கல்வனைஸ் முலாமோ இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. ஆனால் எந்த வர்ணமும் முற்றாக நீர் புகாத சுவர் அல்ல. நீராவி மெல்ல மெல்ல அதனூடாகச் செல்லவே செய்யும். பூச்சு இரும்பை இறுகப் பற்றியிருக்கும்வரை அந்த நீருக்குக் கீழே தங்க இடமில்லை. பிடி விட்ட இடத்தில் நீர் தேங்கும், துரு தொடங்கும். ஆகவே பூச்சின் உயிர் அதன் பிடியில்தான் இருக்கிறது.

பெரிய இடங்களில் கற்ற பாடம்

இது ஏழை வீட்டு இரும்பு மேடைக்கு மட்டும் உரிய தொல்லை அல்ல. ஸ்கொட்லாந்தில் போர்த் என்னும் கடற்கழிக்கு மேலாக 1890 இல் திறக்கப்பட்ட பெரிய ரயில் பாலம் ஒன்று உண்டு. ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீற்றர் நீளமான அந்த உருக்குப் பாலத்துக்கு வர்ணம் பூசும் வேலை ஒருபோதும் முடிவதில்லை என்று சொல்வார்கள். முடிவில்லாத எந்த வேலையையும் "போர்த் பாலத்துக்கு வர்ணம் பூசுவது போல" என்று ஆங்கிலேயர் சொல்லும் அளவுக்கு அது பழமொழியாகிவிட்டது. பழைய பூச்சின் மேல் புதிய பூச்சைப் பூசிப் பூசியே நூறு ஆண்டுகளுக்கு மேல் காலம் கடத்தினார்கள்.

பின்னர் 2002 அளவில் தொடங்கிய பெரும் திருத்த வேலையில் முறையை மாற்றினார்கள். பழைய பூச்சு முழுவதையும் வெறும் உருக்குத் தெரியும்வரை நீக்கினார்கள். வேலை நடந்த பகுதிகளை மழையும் காற்றும் புகாதபடி மூடினார்கள். முதற்பூச்சு, அதன் மேல் கண்ணாடிச் சீவல் கலந்த எபொக்சிப் பூச்சு, அதன் மேல் மேற்பூச்சு என மூன்று பூச்சுக்கள் இட்டார்கள். 2011 டிசம்பரில் வேலை முடிந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் மீண்டும் முழுமையாகப் பூச வேண்டி வராது என்பதே பொறியியலாளரின் கணிப்பு. அங்கே வேறுபாட்டை உண்டாக்கியது புதிய வர்ணம் மட்டுமல்ல. அந்த வர்ணம் பூசப்பட்ட சுத்தமான உருக்கும்தான்.

கப்பல்களின் கதை இதைவிடக் கொடியது. 1999 டிசம்பர் 12 ஆம் திகதி, எண்ணெய் ஏற்றிச் சென்ற எரிகா என்னும் கப்பல் பிரான்சின் மேற்குக் கரைக்கு அப்பால் புயலில் இரண்டாக உடைந்தது. மாலுமிகள் காப்பாற்றப்பட்டார்கள். ஆனால் கொட்டிய எண்ணெய் நீண்ட கடற்கரையை நாசமாக்கி, மீனவரின் பிழைப்பையும் கெடுத்தது. 1975 இல் கட்டப்பட்ட அக்கப்பலின் தாங்கிகளில் உருக்கு அரித்துப் பலவீனமடைந்திருந்தமை விசாரணைகளில் வெளியாயிற்று.

இத்தகைய அனுபவங்களின் பின் 2006 டிசம்பரில் சர்வதேச கடல்சார் அமைப்பு, புதிய கப்பல்களின் கடல்நீர்த் தாங்கிகளுக்கு எப்படிப் பூச்சிட வேண்டும் என்று விதி வகுத்தது. பூச்சு 15 ஆண்டுகள் நல்ல நிலையில் இருப்பதே இலக்கு. அந்த விதியில் எமக்கும் பயன்படும் சில செய்திகள் உள்ளன. கூர்மையான விளிம்புகளை அராவி உருட்ட வேண்டும். விளிம்புகளுக்கும் ஒட்டு மூட்டுகளுக்கும் தூரிகையால் தனியாகப் பூச வேண்டும். காற்றின் ஈரப்பதன் 85 வீதத்துக்கு மேல் இருந்தால் பூசக்கூடாது. பூசப்படும் உருக்கில் ஒரு சதுர மீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் உப்பு இருக்கக்கூடாது. இந்தக் கடைசி அளவைச் சிந்தித்துப் பாருங்கள். ஒரே ஒரு கிராம் உப்பை 20 சதுர மீற்றர் பரப்பில் தூவினால் எவ்வளவு வருமோ அவ்வளவுதான் அனுமதி. கண்ணுக்குத் தெரியாத அந்த உப்பே பூச்சின் முதல் எதிரி.

பூச்சுப் பழுதடைவதற்கான ஏழு காரணங்கள்

1. துருவும் ஆலைத் தோலும்: துருவின் மேல் பூசிய வர்ணம் துருவைத்தான் பிடிக்கிறது, இரும்பைப் பிடிப்பதில்லை. துரு கழன்றால் வர்ணமும் கூடவே கழலும். புதிய இரும்பிலும் ஓர் ஆபத்து உண்டு. ஆலையில் சூடாக உருட்டிய இரும்பின் மேல் நீலங் கலந்த கருநிறத் தோல் ஒன்று படிந்திருக்கும். பார்வைக்கு அது பளபளப்பாகவும் உறுதியாகவும் தோன்றும். ஆனால் காலப்போக்கில் வெடித்துக் கழலும். "புது இரும்புதானே, துடைத்துவிட்டுப் பூசலாம்" என்பது தவறு.

2. உப்பு: கடற்கரைக் கிராமங்களில் காற்றே உப்பைக் கொண்டுவருகிறது. உள்நாட்டு வயல்களிலோ நாமே உப்பைக் கொண்டுவருகிறோம். எம்.ஓ.பி. என்று நாம் வாங்கும் பொட்டாசியப் பசளை ஒரு குளோரைட்டு உப்பே. பசளை மூடைகள் ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டியின் அடித்தகடு முதலில் அரிபடுவதற்குக் காரணம் இதுதான். வர்ணத்துக்குக் கீழே அகப்பட்ட உப்பு, பூச்சினூடாக நீரை இழுக்கும். வெட்டிய மாங்காயில் உப்பிட்டால் நீர் ஊறி வருவதை நாம் அறிவோம். அதே செயலே இங்கும் நடக்கிறது. நீர் நிறைந்த கொப்புளங்கள் இவ்வாறுதான் உண்டாகின்றன.

3. எண்ணெயும் கிறீசும்: பழைய என்ஜின் எண்ணெயை இரும்பில் தடவி வைப்பது எமது ஊர்களில் வழக்கம். இடம்பெயர்ந்தபோது நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிறீஸ் பூசிச் சாக்கில் சுற்றி வளவில் புதைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. இரும்பைக் காக்க அது நல்ல முறைதான். ஆனால் எண்ணெய் பட்ட இரும்பில் வர்ணம் பிடிக்காது. எண்ணெய் அல்லது வர்ணம், இரண்டில் ஒன்றைத்தான் தெரிவுசெய்யலாம்.

4. ஈரமும் வெப்பமும்: மார்கழி, தை மாதங்களில் இரவில் இரும்பு குளிர்ந்து அதன் மேல் பனி படியும். காலையில் வெயில் படாத பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் நெடுநேரம் இருக்கும். அதன் மேல் பூசினால் பிடி இராது. மறுபுறம், நண்பகல் வெயிலில் கை வைக்க முடியாதபடி சுடும் தகட்டில் பூசினாலும் கேடுதான். மேற்பரப்பு உடனே காய்ந்து உள்ளே ஆவி அகப்படும். நுண்துளைகளும் குமிழிகளும் தோன்றும்.

5. தடிப்பு: திரவமாக இருக்கும் வர்ணம் கூரான விளிம்பிலிருந்து விலகி நிற்கும். அதனால் விளிம்பிலும் ஆணித் தலையிலும் ஒட்டு மூட்டிலும் பூச்சு மெலிந்துவிடுகிறது. துரு முதலில் அங்கேயே எட்டிப் பார்க்கும். ஒரே நாளில் தடிப்பாக அப்பிப் பூசுவதும் பிழை. மேல்தோல் காய்ந்து உள்ளே பச்சையாக இருக்க, பூச்சு சுருங்கிக் கோணும்.

6. அவசரமும் கலப்பும்: முதற்பூச்சு காயமுன் மேற்பூச்சுப் பூசுவது, வர்ணம் நீண்டு வரட்டும் என்று தின்னரையோ மண்ணெண்ணெயையோ அளவின்றி ஊற்றுவது, இரண்டு பேணிகளாக வரும் எபொக்சி வர்ணத்தைக் கண் அளவில் கலப்பது ஆகிய யாவும் பூச்சின் ஆயுளைக் குறைக்கும். எபொக்சியில் இரண்டு பகுதிகளும் சரியான விகிதத்தில் சேர்ந்தால்தான் அது இறுகும்.

7. பொருத்தமற்ற வர்ணம்: சாதாரண எனாமல் வர்ணத்தைக் கல்வனைஸ் தகட்டின் மேல் நேரடியாகப் பூசினால், வர்ணத்திலுள்ள எண்ணெய்ப் பொருளும் நாகமும் சேர்ந்து சவர்க்காரம் போன்ற ஒரு படை இடையே உண்டாகிறது. சில காலத்தில் வர்ணம் தாள்போல உரியும். கல்வனைஸ் தகட்டுக்கென்றே விற்கும் முதற்பூச்சை அல்லது அதற்குரியது என்று பேணியில் எழுதப்பட்ட நீர்க்கலவை வர்ணத்தைப் பூச வேண்டும். எபொக்சி மிகவும் உறுதியானது. ஆனால் வெயிலில் சுண்ணாம்புத் தூள்போல் மங்கும். அதற்கு வெயில் தாங்கும் மேற்பூச்சுத் தேவை.

உரிந்த பூச்சு சொல்லும் சாட்சி

மீண்டும் வர்ணம் வாங்க ஓடுவதற்கு முன்னர், பழுதடைந்த இடத்தை உட்கார்ந்து உற்றுப் பாருங்கள். அது தன் கதையைத் தானே சொல்லும்.

நீர் நிறைந்த கொப்புளங்கள் கூட்டமாக இருந்தால், கீழே உப்பு இருந்திருக்கிறது.

பெரிய பெரிய தாளாக உரிந்து, கீழே இரும்பு பளிச்சென்று இருந்தால், எண்ணெயின் மேலோ மிக வழுவழுப்பான தகட்டின் மேலோ பூசப்பட்டிருக்கிறது.

உரிந்த துண்டின் அடிப்பக்கத்தில் செந்துருத் தூள் ஒட்டியிருந்தால், துருவை நீக்காமல் பூசியிருக்கிறார்கள்.

விளிம்பு வழியே மட்டும் துருக் கோடு ஓடினால், விளிம்பில் பூச்சு மெலிந்துவிட்டது.

பரப்பெங்கும் ஊசிமுனை அளவான துருப் புள்ளிகள் இருந்தால், பூச்சு முழுவதுமே மெல்லியது.

கிழவரின் முகம்போலச் சுருக்கம் விழுந்திருந்தால், தடிப்பாக அல்லது அவசரமாகப் பூசப்பட்டிருக்கிறது.

கையால் தடவும்போது தூள் ஒட்டினால், வெயில் தின்றிருக்கிறது. இது மேற்பரப்புப் பழுது. கழுவித் தேய்த்து மேற்பூச்சு மட்டும் இட்டாலே போதும்.

செய்ய வேண்டிய முறை

பெரிய தொழிற்சாலைகளில் அழுத்தக் காற்றால் மணற்துகளை வீசி இரும்பைச் சுத்தமாக்குகிறார்கள். அது எமக்குக் கிட்டாது. அதற்காகக் கடற்கரை மணலை எடுத்து வீசுவதற்கு எவரும் முயலவும் கூடாது. அதில் உப்பு உண்டு. அத்துடன் மணல் தூசி சுவாசப்பையில் படிந்து மாறாத நோயை உண்டாக்கும். கையால் செய்யும் வேலை அவ்வளவு சிறப்பாக அமையாது என்பது உண்மை. ஆனால் ஒழுங்காகச் செய்தால் பல ஆண்டுகள் தாங்கும்.

முதலாவது படி, கழுவுதல். எண்ணெய் இருந்தால் தின்னரில் தோய்த்த துணியால் துடைத்து, துணியை அடிக்கடி மாற்றுங்கள். பின் சவர்க்காரத் தூள் கரைத்த நீரால் கழுவி நல்ல நீரால் அலசுங்கள். தேய்க்க முன்னரே கழுவ வேண்டும். இல்லாவிட்டால் தேய்க்கும்போது எண்ணெயும் உப்பும் இரும்புக்குள் அழுத்தப்பட்டுவிடும்.

இரண்டாவது படி, துரு நீக்குதல். தடித்த துருவைச் சிறு சுத்தியலால் தட்டிச் சுரண்டுங்கள். பின் கம்பித் தூரிகையாலும் சான்ட் பேப்பராலும் தேய்யுங்கள். மின்சாரக் கம்பித் தூரிகை துருவை மினுக்கி மட்டும் விடலாம்; அந்த மினுக்கத்தைக் கண்டு ஏமாறாதீர்கள். கூரான விளிம்புகளை அரத்தால் சற்று உருட்டிவிடுங்கள். உறுதியாகப் பிடித்திருக்கும் பழைய பூச்சை முழுவதும் நீக்கத் தேவையில்லை. அதன் ஓரத்தை மட்டும் சரிவாகத் தேய்த்துவிட வேண்டும். பிடி இருக்கிறதா என்று அறிய, கத்தியால் பெருக்கல் குறிபோல் கீறி, பிசின் நாடாவை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். வர்ணம் நாடாவோடு வந்தால் அது இருந்து பயனில்லை.

மூன்றாவது படி, உப்பு நீக்குதல். மீண்டும் நன்னீரால் தேய்த்து அலசுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. கரையோரக் கிணறுகள் பல உவர் நீர்க் கிணறுகள். உவர் நீரால் கழுவுவது உப்பைப் பூசுவதற்குச் சமம். கடைசி அலசலுக்குச் சேமித்த மழைநீர் மிக நல்லது. நீர் இரும்பின் மேல் ஒரே படலமாகப் பரவினால் எண்ணெய் இல்லை. முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது.

நான்காவது படி, நேரம் பார்த்தல். எமது வரண்ட வலயத்தில் மாரி ஓய்ந்த பின், மாசி முதல் சித்திரை வரையான காலம் வசதியானது. பனி உலர்ந்த பின் தொடங்கி, மாலைப் பனிக்கு முன்னரே பூச்சுக் காயும்படி வேளையோடு முடியுங்கள். ஐயம் இருந்தால் ஈரத் துணியால் சிறிது இடத்தைத் துடைத்துப் பாருங்கள். கால் மணி நேரத்துக்குள் அந்த ஈரம் உலர்ந்தால் பூசலாம். தேய்த்துச் சுத்தமாக்கிய இரும்பை இரவு முழுவதும் வெறுமையாக விடாதீர்கள். அன்று சுத்தமாக்கிய அளவுக்கு அன்றே முதற்பூச்சுப் போட வேண்டும்.

ஐந்தாவது படி, பூசுதல். பேணியின் அடியில் படிந்திருக்கும் கனமான பொருளே துருவைத் தடுப்பது. ஆகவே தடியால் அடிவரை கிளறிக் கலக்குங்கள். முதலில் விளிம்பு, ஆணி, ஒட்டு மூட்டு ஆகியவற்றுக்குத் தூரிகையால் தனியாகப் பூசுங்கள். பின் முழுவதற்கும் முதற்பூச்சு இரண்டு முறை, மேற்பூச்சு இரண்டு முறை. ஒவ்வொன்றுக்கும் இடையில் பேணியில் சொல்லப்பட்ட நேரம் காத்திருங்கள். முதற்பூச்சும் மேற்பூச்சும் வெவ்வேறு நிறமாக இருந்தால் தவறிய இடம் உடனே தெரியும்.

ஒரு சிறு கணக்கு

தண்ணீர் மேடையையே எடுத்துக்கொள்வோம். பத்தடி உயரமான நான்கு கால்கள்; இரண்டு அங்குல மூலை இரும்பு. உள்ளும் புறமும் சேர்த்து அதன் சுற்றளவு எட்டு அங்குலம். நான்கு கால்களின் பரப்பு ஏறத்தாழ 27 சதுர அடி. குறுக்குச் சட்டங்களும் அவ்வளவு என்று கொண்டால் மொத்தம் 54 சதுர அடி, அதாவது 5 சதுர மீற்றர்.

ஒரு லீற்றர் வர்ணம் 10 சதுர மீற்றர் பரப்பில் பூசப்பட்டால் ஈரப் படலத்தின் தடிப்பு 100 மைக்கிரோன். ஒரு மைக்கிரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று. வர்ணத்தில் பாதி திண்மப் பொருள் என்றால், காய்ந்த பின் எஞ்சுவது 50 மைக்கிரோன். எனவே எமது மேடைக்கு ஒரு பூச்சுக்கு அரை லீற்றர். நான்கு பூச்சுக்கு இரண்டு லீற்றர். மொத்தத் தடிப்பு 200 மைக்கிரோன்.

இப்போது ஒருவர் அதே வர்ணத்தில் சம அளவு தின்னரை ஊற்றி "ஒரு லீற்றரிலேயே முடித்துவிட்டேன்" என்று பெருமைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பூச்சின் தடிப்பு பாதிதான், 100 மைக்கிரோன். மிச்சம் பிடித்தது ஒரு லீற்றர் வர்ணம். இழக்கப்போவது மேடையின் ஆயுளில் பல ஆண்டுகள். வர்ணத்தின் விலையைவிட உழைப்பின் விலை பெரிது. மேடை சரிந்தால் ஏற்படும் இழப்போ கணக்கில் அடங்காது.

கூரைத் தகடுகள்

வீட்டுத் திட்டங்களின் கீழும் உதவியாகவும் கிடைக்கும் கல்வனைஸ் தகடுகள் வேலை தொடங்கும்வரை ஒன்றின் மேல் ஒன்றாக மண்ணில் அடுக்கப்பட்டுக் கிடப்பதைக் காண்கிறோம். இடையில் மழைநீர் புகுந்தால் காற்றோட்டம் இன்றி வெண்ணிறத் தூள் படியும். இது வெண்துரு. நாக முலாம் வீணே கரைகிறது என்பதே இதன் பொருள். தகடுகளை நிலத்தில் படாமல் மரக்கட்டைகளின் மேல், ஒரு பக்கம் சரிவாக, இடையிடையே மெல்லிய சட்டம் வைத்து, மூடிய இடத்தில் அடுக்குங்கள். பொருத்திய பின் வெட்டிய ஓரங்களையும் ஆணித் துளைகளையும் ஆண்டுதோறும் கவனியுங்கள்.

எதற்கு வர்ணம் பூசக்கூடாது?

மண்வெட்டி, கத்தி, கலப்பை நுனி போன்ற தேயும் பகுதிகளுக்கு வர்ணம் பயனற்றது. வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள். குடிநீர்த் தாங்கியின் உட்புறத்துக்குச் சாதாரண எனாமலோ ரெட் ஒக்சைட் பூச்சோ ஒருபோதும் பூசாதீர்கள். குடிநீருக்கு உகந்தது என்று உறுதிசெய்யப்பட்ட பூச்சு மட்டுமே ஆகும்.

பிள்ளைகளைக் காப்போம்

பழைய வர்ணங்களில், குறிப்பாகச் செந்நிற ஈய முதற்பூச்சில், ஈயம் உண்டு. ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வர்ணங்களில் சேரும் ஈயத்துக்கு இலங்கையில் சட்ட வரம்பு 2013 இல் நடைமுறைக்கு வந்தது. எனினும் அதற்கு முற்பட்ட படலைகளும் இயந்திரங்களும் இன்னும் பாவனையில் உள்ளன. பழைய பூச்சைத் தீயால் சுட்டு நீக்காதீர்கள். உலர்த்தித் தேய்க்காமல் நனைத்துத் தேய்யுங்கள். வாயையும் மூக்கையும் மூடுங்கள். கீழே விரிப்பு விரித்துச் செதில்களைச் சேர்த்து எடுங்கள். கிணற்றடியிலோ கோழிகள் மேயும் இடத்திலோ இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

இன்னுமொன்று. மீளக் குடியமர்ந்த காணிகளில் மண்ணைக் கிளறும்போது துருப்பிடித்த இரும்புப் பொருட்கள் வெளிப்படும். இன்னதென்று தெரியாத எதனையும் தொடாதீர்கள். தட்டவோ துரு சுரண்டவோ வேண்டாம். வெடிபொருள் துருப்பிடித்தாலும் வெடிக்கும். தூரத்தில் அடையாளம் வைத்து, பிள்ளைகளை விலக்கி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ உடனே அறிவியுங்கள்.

ஆண்டுக்கு ஒரு நாள்

பூச்சு என்பது ஒருமுறை செய்து மறந்துவிடும் வேலை அல்ல. புரட்டாதியில், மாரி தொடங்கமுன், ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள். மேடையின் கால்கள் நிலத்தைத் தொடும் இடம், நீர் தேங்கும் மூலைகள், ஒட்டு மூட்டுகள், உழவு இயந்திரப் பெட்டியின் அடித்தகடு ஆகியவற்றைப் பாருங்கள். குப்பையும் மண்ணும் சேர்ந்திருந்தால் அகற்றுங்கள். நீர் தேங்கும் இடத்தில் வடியத் துளை இடலாமா என்று பட்டறையில் கேளுங்கள். சுத்தியலால் மெல்லத் தட்டும்போது இரும்பு "கணீர்" என்னாமல் மந்தமாக ஒலித்தால், அங்கே வர்ணம் போதாது. இரும்பையே மாற்ற வேண்டும். நகக்கண் அளவான துருவை அன்றே தேய்த்துப் பூசினால், அடுத்த ஆண்டு கையகலத் துருவுக்குச் செலவிடத் தேவையில்லை.

கம்பித் தூரிகை, அரம், சுரண்டி, தூரிகைகள் ஆகியவற்றை விவசாய அமைப்போ மாதர் சங்கமோ பொதுவில் வாங்கி வைத்தால், பத்துக் குடும்பங்கள் முறைவைத்துப் பயன்படுத்தலாம். ஒருவர் மேடையைத் தேய்க்க நால்வர் கூடினால் ஒரு பகலில் வேலை முடியும். அரிவு வெட்டுக்கும் கிணறு இறைப்புக்கும் கைமாறிக் கைமாறி உதவிய எமக்கு இது புதிதல்ல.

பலமுறை எல்லாவற்றையும் இழந்து, மீண்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்த குடும்பங்கள் எமது குடும்பங்கள். ஒரு மேடை, ஒரு படலை, ஒரு நீரிறைக்கும் இயந்திரம் என ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கடன் கொப்பியும் பல நாள் கூலியும் இருக்கின்றன. போரிலும் புயலிலும் இழந்ததை எம்மால் தடுக்க முடியவில்லை. துருவால் இழப்பதைத் தடுக்க ஒரு கம்பித் தூரிகையும், ஒரு வாளி மழைநீரும், கொஞ்சம் பொறுமையும் போதும். அடுத்த முறை வர்ணப் பேணியைத் திறக்கமுன் பட்டறைத் தம்பியின் கேள்வியை நினைத்துக்கொள்வோம்: "பெயின்ற் அடிக்க முந்தி அந்த இரும்பு எப்பிடி இருந்தது?"